‘தேரா மன்னா’: இலக்கியத்தில் அறியாமையும் அதன் விலையும்

கேள்வி இதுதான்: “இலக்கியத்தில் அறியாமையும் அதன் விளைவுகளும் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். எந்தப் படைப்புகளை எடுக்கலாம்? எப்படி எழுதினாலும் ‘அறியாமை அழிவில் முடியும்’ என்ற ஒரே வரியில் வந்து நின்றுவிடுகிறது. என்ன செய்வது?”

அந்த வரியில் போய் முட்டிக்கொள்வதற்குக் காரணம், ‘அறியாமை’ என்பதை ஒரே சரக்காக எடுத்துக்கொள்வது. முதலில் அதைப் பிரித்துப் போடுங்கள். வள்ளுவரே மூன்று தனி அதிகாரம் வைத்திருக்கிறார்: கல்லாமை (41), பேதைமை (84), புல்லறிவாண்மை (85). மூன்றும் ஒன்றென்றால் முப்பது குறள் எதற்கு? கல்லாமை என்பது படிப்பு இல்லாமை. பேதைமைக்கு அவர் சொல்லும் இலக்கணம் வேறு: ‘ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்’ (831). கெடுதலைக் கையில் வைத்துக்கொண்டு நன்மையை நழுவவிடுவது. இது தெரியாத்தனத்தைவிடத் தவறான தேர்வைப் பற்றிய பேச்சு. அதனால்தான் அதே அதிகாரத்தில் ‘ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்’ (834) என்று எழுத முடிகிறது. படித்து, புரிந்து, ஊருக்கும் சொல்லிக்கொடுத்து, தான் மட்டும் அதன்படி நடக்காதவன் பேதைகளுக்குள் பெரிய பேதை. புல்லறிவாண்மையோ ‘ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு’ (844). எனக்கு எல்லாம் தெரியும் என்கிற மிதப்பு.

ஆக, எடுத்துக்கொண்ட பாத்திரத்துக்கு இருப்பது எந்த அறியாமை என்று முதல் பத்தியிலேயே பெயர் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு, ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு தாள் எடுத்து நான்கு கேள்விக்கு விடை எழுதிப் பாருங்கள். இவருக்குத் தெரியாதது சரியாக எது? அது அந்த நேரத்தில் வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள வழி இருந்ததா, இருந்தால் எந்தக் காட்சியில், எந்த வரியில்? கடைசியில் விலை கொடுப்பவர் யார்? மூன்றாவது கேள்வியில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

சிலப்பதிகாரத்தில் இதைச் செய்து காட்டுகிறேன், ஏனென்றால் இந்தத் தலைப்புக்கு அதைவிடத் துல்லியமான படைப்பு கிடைப்பது கடினம்.

கொலைக்களக் காதை, 16ஆவது. ஊடிப் போன தேவியை, அதாவது தன் அரசியை, தணிக்கப் பாண்டியன் அவள் அரண்மனையை நோக்கிப் போகிறான். வாயிலில் பொற்கொல்லன் விழுந்து வணங்கி, சிலம்பு திருடியவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். இளங்கோவின் வரி: ‘வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரான் ஆகி’. முன்வினை பலிக்கும் காலம் என்பதால் பாண்டியன் எதையும் தேரவில்லை என்பது பொருள். தேர்தல் என்றால் ஆராய்தல். அரசன் ‘அறியான் ஆகி’ என்று பாட்டு சொல்லவில்லை, ‘தேரான் ஆகி’ என்கிறது. இந்த ஒரு சொல்லை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காவலரைக் கூப்பிட்டு அரசன் இடும் கட்டளையில்கூட ஒரு நிபந்தனை இருக்கிறது: என் தேவியின் சிலம்பு கள்வன் ‘கையது ஆகின்’ கொன்று அச்சிலம்பைக் கொண்டுவாருங்கள். ‘ஆகின்’, அதாவது இருந்தால். இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை யாருக்குக் கொடுத்தான்? குற்றம் சாட்டியவனே வழிகாட்டிப் போகிறான்.

அடுத்து வருவது பலரும் தாண்டிப்போகும் இடம். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் வெட்டவில்லை. இவனைப் பார்த்தால் கொலைத் தண்டனைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று சொல்கிறார்கள். உடனே பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே ஒரு பாடம் நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையாவன எட்டு என வரிசையாக அடுக்குகிறான். ஐயம் எழுந்த இடத்தில் தகவலைக் கொட்டி அதை மூடுகிறான். சிலம்பின் வேலைப்பாடெல்லாம் ஏற்கெனவே அவர்களுக்குக் காட்டியாயிற்று. உள்ளே ஒலிக்கப் போட்டிருப்பது என்ன பரல் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. பேச்சு நீண்டுகொண்டிருக்கும்போது ‘கல்லாக் களிமகன் ஒருவன்’ வாளை வீசிவிடுகிறான். கற்றவன் பொய் சொல்கிறான், கல்லாதவன் வெட்டுகிறான், இரண்டுக்கும் நடுவில் ஐயப்பட்டவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். ‘கல்லா’ என்ற அடைமொழியை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘படிப்பறிவில்லாதவனால் வந்த வினை’ என்று எழுதினால் இந்தக் காட்சி கைவிட்டுப் போய்விடும். கொலைக்குக் காரணமான சங்கிலியில் அவன் கடைசிக் கண்ணி.

இப்போது 20ஆவது, வழக்குரை காதை. கண்ணகியின் முதல் விளி: ‘தேரா மன்னா’. ஆசிரியர் கூற்றாக நான்கு காதைக்கு முன்பு வந்த அதே சொல், இப்போது பாதிக்கப்பட்டவளின் வாயிலிருந்து அரசனின் முகத்தில் விழுகிறது. என் கால் சிலம்பு மணியுடைய (மாணிக்கப்) பரல் என்கிறாள் அவள். எங்கள் சிலம்பு முத்துடைய பரல் என்கிறான் அரசன். கவனியுங்கள், அது அவனுக்கு எப்போதுமே தெரியும். எந்தச் சாட்சியும் தேவையில்லை, எந்த நிபுணரும் வேண்டாம். வேண்டிய அறிவு முழுவதும் அரண்மனைக்குள்ளேயே இருந்தது, கேள்விதான் இல்லை. சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு கணம் ஆகிறது. மணி தெறித்து அரசனின் வாயில் படுகிறது. ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்’ என்று அவன் உயிர் விடுகிறான்.

விதி என்று இளங்கோவே சொல்கிறாரே, பிறகு அறியாமை எங்கே வந்தது என்று யாராவது மடக்கினால், மேலே கொடுத்த வரியையே திருப்பிக் காட்டுங்கள். ‘வினைவிளை காலம்’, ‘தேரான்’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. ஒன்றைக் காரணமாகவும் மற்றதை அது வந்த வழியாகவும் வாசிக்கலாம். ஒன்றை வைத்து மற்றதை அழித்து எழுதினால்தான் தப்பு.

விலை கொடுத்தவர் யார்? கோவலன், அரசன், தேவி, மதுரை. எல்லாரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். நூலின் முன்னால் இருக்கும் உரைபெறு கட்டுரையைப் புரட்டுங்கள். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்றான் என்று இருக்கிறது. ஒருவன் செய்த களவுக்கு ஆயிரம் பேர். அவர்களில் எவனாவது சிலம்பைப் பார்த்தானா என்று யாரும் தேரவில்லை. ஆராயாமல் கொன்றதற்குப் பரிகாரமும் ஆராயாமல் கொல்வதாகவே இருக்கிறது. நூல் இதைக் கண்டிக்காமல், மழை பெய்து நாடு செழித்தது என்றே சொல்லிப் போகிறது. அந்த அமைதிதான் இன்றைய வாசகரை உறுத்த வேண்டிய இடம், கட்டுரைக்கு நல்ல தீனியும்கூட.

இன்னொரு நுணுக்கம். கொலைக்கு ஒரு காதை முன்னால், அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் கோவலனின் பழைய நற்செயல்களைச் சொல்கிறான். அதில் ஒன்று, குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை ஆராயாமல் கொன்ற பார்ப்பனியைப் பாவத்திலிருந்து கோவலன் மீட்டது. கீரியின் வாயில் இருந்த ரத்தத்தைப் பார்த்தவள் தொட்டிலைப் பார்க்கவில்லை. கண்முன் இருந்த ஒரு சான்றை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டாள். அப்படிப்பட்டவளைக் காப்பாற்றியவன், அடுத்த காதையில் அதே வகைத் தீர்ப்புக்குப் பலியாகிறான். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

உலக இலக்கியத்துக்குப் போவதற்கு முன் அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ நூலிலிருந்து இரண்டு கருவிகள். 11ஆவது அத்தியாயத்தில் ‘அறிந்துகொள்ளுதல்’ என்பதை அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறுவது என்று வரையறுக்கிறார். அந்த மாற்றமும் கதையின் தலைகீழ்த் திருப்பமும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் சிறப்பு, சோஃபக்ளீஸின் ஈடிபஸ் நாடகம்போல, என்கிறார். 14ஆவது அத்தியாயம் இன்னும் பயனுள்ளது. உறவினர்க்குள் நிகழும் கொடுஞ்செயல் நான்கு வகையில் அமையலாம்: தெரிந்தே செய்யப் போய் விட்டுவிடுவது, தெரிந்தே செய்வது, தெரியாமல் செய்து பிறகு அறிவது, செய்யப் போகும் கணத்தில் அறிந்து நிறுத்திக்கொள்வது. இதில் கடைசி வகைக்குத்தான் முதலிடம் கொடுக்கிறார். ஈடிபஸ் மூன்றாவது வகை. யூரிப்பிடீஸ் நாடகத்தில் வரும் பெண் பூசாரி இஃபிகேனியா நான்காவது: பலியிடப்போகும் அந்நியன் தன் தம்பி என்று அவளுக்குத் தெரியாது. ஊருக்கு அனுப்பும் கடிதம் வழியில் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று அதன் செய்தியை வாயால் சொல்கிறாள், அதைக் கேட்டு உறவு வெளிப்படுகிறது. அறியாமை என்றால் அழிவு என்ற சூத்திரத்தை உடைக்க இந்த ஒரு உதாரணம் போதும்.

ஈடிபஸைப் பற்றி எழுதும்போது வழக்கமாக நடக்கும் பிழை, அவனைப் பாண்டியனோடு ஒரே தட்டில் வைப்பது. இருவரும் எதிரெதிர். பாண்டியன் கேட்கவில்லை, ஈடிபஸ் கேட்பதை நிறுத்தவில்லை. அவனுடைய சிக்கல் அரைகுறை அறிவு. தந்தையைக் கொல்வாய் என்று டெல்ஃபி கோயிலின் தெய்வவாக்கில் கேட்டவனுக்கு, தந்தை யார் என்பது தெரியாது. அதனால் வளர்த்தவரைத் தந்தை என நினைத்து, அவர் ஆளும் கொரிந்து நகரை விட்டு ஓடுகிறான். முச்சந்தியில் சண்டையிட்டுக் கொன்ற கிழவர்தான் பெற்றவர். தவிர்க்க எடுத்த முயற்சியே வழியாகிவிட்டது.

இந்த நாடகத்தில் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் கொரிந்திலிருந்து தூதன் வரும் காட்சி. மகிழ்ச்சியான செய்தி சொல்ல வந்தவன் அவன்: உன் தந்தை இயற்கையாக இறந்தார், பயம் வேண்டாம், அவர் உன்னைப் பெற்றவரும் இல்லை, குழந்தையாக உன்னை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடையில் இப்போது மூன்று பேர், மூன்று அளவு அறிவு. தூதனுக்கு ஒரு துண்டு தெரியும், அதன் பொருள் தெரியாது. ஈடிபஸுக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் மனைவி, உண்மையில் அவனைப் பெற்ற தாய், யோகஸ்டாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி விசாரிக்காதே என்று அவள் கெஞ்சுகிறாள். அவனோ, நான் தாழ்ந்த குலத்தில் பிறந்தவன் என்று தெரிந்துவிடுமோ எனக் கூச்சப்படுகிறாள் என நினைத்துக்கொள்கிறான். பார்வையாளருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். இந்த நான்கு நிலைகளையும் ஒரு சிறு பட்டியலாகப் போட்டு, ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று குறித்தால், பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பது தானாகத் தெரியும். பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸுக்கு உண்மை தெரியும், கண்ணுள்ள அரசனுக்குத் தெரியாது என்ற முரணைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். அதில் புதிதாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை, ஒரு வரியோடு நிறுத்துங்கள்.

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவுக்கு ஒரு குறளே சாவி: ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ (510). ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவர்மேல் சந்தேகப்படுவதும். பாண்டியன் முதல் பாதியைச் செய்தான். ஒதெல்லோ இரண்டையும் செய்கிறான்: கீழதிகாரி இயாகோவை நம்பினான், மனைவி டெஸ்டிமோனாவைச் சந்தேகித்தான். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியில் கைக்குட்டை விழும் இடத்தைப் பாருங்கள். தலைவலி என்கிறான் ஒதெல்லோ. அவள் தன் கைக்குட்டையால் கட்டிவிட வருகிறாள். சின்னதாக இருக்கிறது என்று அவன் தள்ளுகிறான், அது விழுகிறது, கிடக்கட்டும் விடு என்று அவளை உள்ளே கூட்டிப் போகிறான். பிறகு எந்தக் கைக்குட்டையைச் சான்றாகக் கொண்டு அவளைக் கொல்கிறானோ, அது விழுந்தபோது அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். பரல் எது என்று தெரிந்தும் கேட்காத பாண்டியனுக்கும் இவனுக்கும் உள்ள உறவு இதுதான். இரண்டு படைப்பை ஒப்பிட வேண்டுமென்றால் இந்த ஜோடியையே பரிந்துரைப்பேன்.

இதுவரை சொன்னதெல்லாம் அரசர்கள், தளபதிகள். கேட்கும் அதிகாரம் உள்ளவர்கள் கேட்காமல் விட்ட கதைகள். அந்த அதிகாரமே இல்லாதவரின் அறியாமை வேறு கணக்கு, அங்கே ‘தேரா’ என்ற சொல் பொருந்தாது.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1885இல் எழுதிய ஒரு சிறுகதையில், தண்டவாளத்திலிருந்து மரை (நட்டு) கழற்றியதற்காக டெனிஸ் என்ற குடியானவனை நீதிபதி விசாரிக்கிறார். தூண்டிலுக்குக் கனம் வேண்டும், அதற்குத்தான் கழற்றினேன் என்கிறான். ரயில் கவிழ்ந்து ஆட்கள் சாவார்களே என்றால் திகைக்கிறான்: எத்தனை வருஷமாக ஊரே கழற்றுகிறது, கவிழவில்லையே, அதுவும் எல்லாவற்றையுமா கழற்றுகிறோம், யோசித்துத்தானே, விட்டுவிட்டுக் கழற்றுகிறோம். சிறைக்கு அனுப்பும்போதும் அவனுக்கு ஏன் என்று புரியவில்லை, அண்ணன் கட்டாத வரி பாக்கிக்காகவோ என்று நினைக்கிறான். கதை யார் பக்கமும் சாயவில்லை. ஆபத்து உண்மை, அவன் கள்ளமின்மையும் உண்மை. நீதிபதிக்குச் சட்டப் பிரிவு தெரியும், இவன் வாழ்க்கை தெரியாது. இதை எழுதும்போது ‘பாவம் அறியாத ஏழை’ என்றோ ‘கல்வியின் அவசியம்’ என்றோ சரிந்துவிடாமல், இரண்டு பக்க அறியாமையையும் சம அளவில் காட்டினால் கட்டுரை நிற்கும்.

ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ (1945) இன்னொரு கோணம். பாக்ஸர் என்ற குதிரைக்கு ஆங்கில அகரவரிசையில் நான்காவது எழுத்துக்குமேல் ஏறவில்லை. உழைத்துச் சரிந்து விழுந்த அவனை ஆஸ்பத்திரிக்கு என்று வண்டியில் ஏற்றும்போது மற்ற விலங்குகள் விடைகொடுத்து வழியனுப்புகின்றன. வண்டியின் பக்கவாட்டில் குதிரை அறுப்பவரின் பெயர் எழுதியிருக்கிறது. அதை வாசித்துச் சொல்வது பெஞ்சமின் என்ற கழுதை. நன்றாகப் படிக்கத் தெரிந்தும் அதுவரை வாய் திறக்காமலே இருந்தவன். நான்கு கேள்விகளில் இரண்டாவது, ‘வேறு யாருக்குத் தெரியும்’ என்பது, இங்கே குற்றச்சாட்டாகவே மாறுகிறது. இதைவிடக் கொடுமை அடுத்து வருவது: வண்டியை வைத்தியர் வாங்கிவிட்டார், பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லை என்று பண்ணையை ஆளும் பன்றிகளின் தரப்பில் விளக்கம் வருகிறது, விலங்குகள் நிம்மதி அடைகின்றன. தெரிந்துவிட்டதைத் திரும்பத் தெரியாததாக்கிக்கொள்கிறார்கள். பொற்கொல்லனின் எட்டுத் துணைப் பாடம் செய்த வேலையை இங்கே ஒரே வரி செய்துவிடுகிறது.

பாரதத்துக் கர்ணனைப் பலர் இந்தத் தலைப்பில் சேர்ப்பார்கள். சேர்க்கலாம், ஆனால் போருக்கு முன்பே அவனுக்குப் பிறப்பு தெரிந்துவிடுகிறது, அவன் மாறவில்லை. தெரியாமல் போரிட்டவர்கள் தம்பிகள்தான். யுதிஷ்டிரனுக்கு உண்மை தெரிவது எல்லாம் முடிந்த பிறகு. எனவே அறியாமை பற்றி எழுதுவதாக இருந்தால் நாயகன் யுதிஷ்டிரன், கர்ணன் அல்ல.

அளவைப் பற்றி: 2000 சொல் கட்டுரைக்கு இரண்டு படைப்பு போதும், மூன்றுக்கு மேல் கண்டிப்பாக வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை எடுத்து 500 சொல்லாவது அதிலேயே நில்லுங்கள். கதைச் சுருக்கம் 100 சொல்லைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வாசிப்பு நின்று ஒப்பித்தல் தொடங்கிவிட்டது என்று பொருள். மேற்கோள் எடுத்தால் காதை, அங்கம், குறள் எண்ணோடு எடுங்கள். இன்னொரு பிழை, பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் நடந்ததற்குத் தீர்ப்பு எழுதுவது. ‘கோவலன் சிலம்பை அந்தக் கொல்லனிடம் காட்டியிருக்கக் கூடாது’ என்பது வாசகருக்குக் கிடைத்த வசதி. நூறு கொல்லர் பின்வர, அரச வேலை செய்யும் கௌரவத்தோடு எதிரே வந்தவனைச் சந்தேகிக்க அவனுக்கு என்ன முகாந்திரம் இருந்தது என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

இடம் மிஞ்சினால் ஒரு பத்தியில் அழிவைத் தராத அறியாமையையும் தொட்டுக்காட்டுங்கள். வள்ளுவர் காமத்துப்பாலில் ஒரு குறள் வைத்திருக்கிறார்: ‘அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம் செறிதோறும் சேயிழை மாட்டு’ (1110). படிக்கப் படிக்க நமக்குத் தெரியாதது இவ்வளவு இருந்ததா என்று தெரிகிறதே, அதுபோல அவளை அணையும்தோறும் புதிதாக இருக்கிறதாம். கல்லாமையைப் பத்துக் குறளில் வைதவர் அதே அறியாமையை இங்கே இன்பத்துக்கு உவமையாக எடுக்கிறார். அதிகாரத்தின் பெயர் புணர்ச்சி மகிழ்தல்.